வலப்பக்கத்துக் கம்பி

எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சட்டை உண்டு. பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ரப்பர் பேண்டு. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி உறை. பெட்டிக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார், "நல்ல வேளை, எனக்கு இன்னும் அளவெடுக்கல நீ." சொல்லட்டும். பன்னிரண்டு வருஷமாக அந்த ரிமோட்டில் ஒரு எண்கூட அழியவில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடந்தது அத்தனையும் இந்தப் பழக்கத்தில்தான் போய் முட்டுகிறது.

எங்களிடம் ஒரு சின்னப் பாய்ப்படகு இருக்கிறது. இருக்கிறது என்பதா, இருந்தது என்பதா, தெரியவில்லை. பாதி இருக்கிறது. ஒல்லியாக இரண்டு உடல்கள், நடுவில் கட்டில் மாதிரி இழுத்துக் கட்டிய வலை, அதன் முன்பக்கம் உயரமாக ஓர் அலுமினியப் பாய்மரம். விற்ற ஆள் அதைக் கட்டுமரம் என்று சொல்லித்தான் விற்றார். "இதுல மரம் எங்கேய்யா இருக்கு? எல்லாம் பக்கெட்டு செய்யற சாமானா இருக்கு" என்று நான் கேட்டதற்கு, "மரத்தை எடுத்துட்டோம்மா, கட்டு மட்டும் இருக்கு" என்றார். அவர் சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் உண்மை. அந்தப் பாய்மரத்தை நட்டு வைக்கவில்லை, ஆணி அடிக்கவில்லை. ஒரு சின்னக் குழியில் அதன் கால் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முன்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மூன்று கம்பிகள் மேலேயிருந்து இறங்கி ஆளுக்கொரு திசையில் இழுத்துப் பிடிப்பதால்தான் அது நிற்கிறது. மூன்றில் ஒன்று விட்டுவிட்டால் படுத்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கு முப்பத்தி நாலு வருஷம் தராசு சரிபார்க்கும் உத்தியோகம். கடை கடையாகப் போய் எடைக்கல் சரியா, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது. அவர் தெருவில் திரும்பினாலே "தராசு வர்றார்" என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் சேதி போய்விடும். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்குத் தராசு இல்லை. படகு கிடைத்தது. பாய்மரம் அரை விரல் ஒரு பக்கம் சாய்ந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பாய் ஏற்றும் கயிற்றை உச்சியிலிருந்து தொங்கவிட்டு, இடப்பக்க விளிம்புக்கு ஒரு தடவை, வலப்பக்க விளிம்புக்கு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொட வேண்டும். தொடவில்லை என்றால் கம்பியின் அடியில் இருக்கும் ஓட்டைப் பட்டையில், கம்பியைப் பூட்டியிருக்கும் ஊசியை ஒரு ஓட்டை மேலே மாற்றுவார், கீழே மாற்றுவார். பிறகு மறுபடியும் அளப்பார்.

படகை ஓட்டுவது எங்கள் பெண். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. வாரத்தில் ஒரே நாள் லீவு. பிறந்ததிலிருந்து தண்ணீரை விட்டு வெளியே வராததால் இவர் அவளைத் தவளை என்பார். முப்பத்தாறு வயசுத் தவளை. அவள்தான் எனக்கு அந்தக் கம்பிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாள்.

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கத்துக் கம்பிதாம்மா மொத்தத்தையும் தாங்கும். இன்னொரு பக்கம் சும்மா தொங்கிட்டு இருக்கும்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"காதுல விழுது" என்றார் இவர், படகுக்கு அடியிலிருந்து.

கம்பியின் அடிமுனையில் ஊசி கழன்று வராமல் இருக்க ஒரு சின்ன வளையம் மாட்டியிருக்கும். அது பொல்லாத வளையம். போன வருஷம் ஒரு நாள் பாயைக் கிழித்தது, இன்னொரு நாள் பெண்ணின் கெண்டைக்காலைக் கிழித்தது. இவர் ஒரு கறுப்பு டேப் சுருளை என் கையில் கொடுத்து, "சும்மா ஒரு சுத்து சுத்திவிடு, வளையம் வெளிய தெரியாம இருந்தாப் போதும்" என்றார்.

என்னிடம் போய் ஒரு சுற்று என்கிறார்!

ஏழு சுற்றுச் சுற்றினேன். வளையத்தில் தொடங்கி, கம்பியில் ஒரு சாண் உயரத்துக்கு. இடப்பக்கம் எத்தனை சாணோ அத்தனை வலப்பக்கமும். டேப்பின் கடைசி முனை எப்போதும் கிளம்பி வந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும், அது எனக்கு ஆகாது. அதனால் படகுக் கொட்டகைக் காவல்காரரின் அடுப்பில் ஒரு கரண்டியைச் சூடாக்கி, அந்த முனையின் மேல் வைத்து இழைத்துவிட்டேன். உருகி ஒட்டிக்கொண்டது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று நானே தேடினாலும் கிடைக்காது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று நினைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். காவல்காரர் தன் சைக்கிள் கைப்பிடிக்கும் சுற்றித் தரச் சொன்னார்.

இந்த வருஷம் பாய்மரம் வலப்பக்கம் சாய்ந்தது. இவர் அளந்து பார்த்துவிட்டு, இடக்கம்பி அரை விரல் நீண்டிருக்கிறது என்றார். கம்பிக்காரருக்குப் போன் போட்டு, இடதும் வலதும் இரண்டையுமே புதுசாகச் செய்யச் சொன்னார். கம்பிக்காரர் என்றால், படகுக் கம்பிகளை அளவு வெட்டி, முனையில் குழாய் வைத்து அமுக்கிக் கொடுப்பவர். எங்கள் கம்பிகளும் அவர் செய்து கொடுத்தவைதான். புதுக்கம்பியை வாங்கி வரப் போனது நான்.

அவர் பட்டறையில் ஒரு ஸ்டூலில் என்னை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார். "அண்ணி, கம்பி தானா வளராது. நீளுதுன்னா உள்ள எங்கயோ இழை இழையா அறுந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இடது தயாரா இருக்கு, எடுத்துட்டுப் போங்க. வலது புதன்கிழமைதான் முடியும். அதுவரைக்கும் தண்ணியில இறக்க வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. கேக்க மாட்டாரு. கேக்கலைன்னா, அந்த டேப்பெல்லாம் பிரிச்சுட்டு, ஒரு பருத்தித் துணியால கம்பியைப் பிடிச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாருங்க. எங்கயாவது இழை அறுந்திருந்தா துணியில மாட்டும்."

நான் வீட்டுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: "வலது புதன்கிழமையாம். துணி ஓட்டிப் பாக்கச் சொன்னார்."

வேண்டுமென்றே விட்டேனா என்று கேட்டால் சத்தியமாக இல்லை. ஆனால் டேப்பைப் பிரிக்கச் சொன்னது என் காதில் பாதிதான் ஏறியது. எதைப் பிரிக்கச் சொன்னாலும் எனக்கு அப்படித்தான்.

பெண்ணுக்கு லீவு நாள். காலையில் எட்டு மணிக்கெல்லாம் கடற்கரையில் இருந்தோம். பாய்மரத்தைக் கீழே சாய்த்து, பழைய இடக்கம்பியைக் கழற்றினார்கள். ஊசி இருந்த இடத்தை மட்டும் இவர் பிளேடால் கீறி எடுத்தார். மேலே ஒரு சாண் டேப் அப்படியே கம்பியோடு வந்தது. புதியதை மாட்டினார்கள். வலக்கம்பியை நான் சோதிக்க வேண்டும். இவருடைய பழைய பனியன் துண்டை எடுத்து, கம்பியைச் சுற்றிப் பிடித்து, மேல்முனையிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தேன். வழுவழுவென்று வந்தது. ஒரு இடத்திலும் மாட்டவில்லை. டேப் தொடங்கும் இடத்தில் கை நின்றது. கறுப்பாக, பளபளவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது என் டேப்.

"முழுசா ஓட்டிப் பாத்தியா?" என்றார் இவர்.

"முழுசா பாத்தாச்சு."

பாய்மரத்தை நிமிர்த்தி, மூன்று கம்பியையும் இறுக்கி, கயிற்றைத் தொங்கவிட்டு அளந்தார். இரண்டு பக்கமும் முடி அளவு வித்தியாசமில்லை. முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அவர் வழக்கமாகச் செய்கிற ஒன்றைச் செய்தார். இடக்கம்பியை விரலால் சுண்டினார். டிங் என்றது. வலக்கம்பியைச் சுண்டினார். அது கொஞ்சம் சோம்பலாக டொம் என்றது.

"என்ன இது, வலது மந்தமாப் பேசுது?"

"டேப் சுத்தியிருக்குல்ல, அதான்" என்றேன்.

மறுபடியும் ஒரு தடவை சுண்டினார். தலையை ஆட்டிக்கொண்டார். முப்பத்தி நாலு வருஷம் ஊரில் ஒருத்தருடைய எடைக்கல்லையும் நம்பாத மனுஷன், என் வார்த்தையை நம்பினார்.

கடலைப் பார்த்து நின்றால் காற்று இடப்பக்கத்திலிருந்து வந்தது, கரையோரமாகவே. நல்ல காற்று. "ஒரு மணி நேரம், நேரா உள்ள போய், நேரா திரும்பிடறோம்" என்றாள் பெண். இவருக்குத் தொப்பியைத் தாடைக்குக் கீழே கட்டிவிட்டேன். படகு சர்ரென்று போயிற்று.

நான் குடையை விரித்து மணலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பழைய இடக்கம்பி சுருட்டிக் கிடந்தது. கழித்த கம்பிதானே, டேப்பையாவது பிரித்து எடுத்தால் கம்பிக்காரருக்குப் பழைய இரும்பாகக் கொடுக்கலாம் என்று பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். ஏழு சுற்றையும் நீளவாக்கில் வெட்டிப் பிளந்தேன்.

உள்ளேயிருந்து ஈரம் வந்தது. ஒரு வருஷத்து ஈரம். அதோடு காவி நிறத்தில் சேறு மாதிரி ஒன்று விரலில் ஒட்டியது. அதைத் துடைத்தால், கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துடைப்பம் இருந்தது. பத்தொன்பது இழையில் நான் எண்ணியது ஏழு. மற்றதெல்லாம் அறுந்து, முனை நீட்டிக்கொண்டு, தொட்டால் உதிர்ந்தது. டேப்புக்கு மேலே ஒரு அங்குலம் தள்ளிக் கம்பி புதுசு மாதிரி மின்னியது.

உப்புத் தண்ணீரை நான் உள்ளே விடாமல் காக்கவில்லை. உள்ளே போனதை வெளியே விடாமல் காத்திருக்கிறேன்.

வலக்கம்பியிலும் அதே டேப். அதே ஏழு சுற்று. அதே கரண்டி.

உடனே போனை எடுத்து இவருக்கு அடித்தேன். என் பைக்குள்ளிருந்தே மணி அடித்தது. ஜிப் வைத்த உறை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அவர் போன். நனையக் கூடாது என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். பெண்ணின் போன் காரில்.

எழுந்து குடையைத் தலைக்கு மேல் ஆட்டினேன். "திரும்பாதீங்க" என்று கத்தினேன். ஆமாம், திரும்பாதே என்றுதான். போகும்போது காற்று இடப்பக்கம். புதுக்கம்பி தாங்குகிறது, வலது சும்மா தொங்குகிறது. கரையைப் பார்த்துத் திரும்பினால் அதே காற்று வலப்பக்கம் வரும். அப்போது மொத்தத்தையும் தாங்க வேண்டியது என்னுடைய துடைப்பம். வெளியே போன புருஷனும் பெண்ணும் வீடு திரும்பக் கூடாது, இப்படியே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குடையைப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. இவர் எழுந்து கையை ஆட்டினார். பெண்ணும் ஆட்டினாள். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர்களும் இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

காவல்காரரிடம் ஓடினேன். எனக்கு ஓட்டம் என்றால் மற்றவர்களுக்கு நடை. "மோட்டார் படகை எடுங்க, அவங்களை நிறுத்தணும்" என்றேன். அவர் கொட்டகைக்குள் கையைக் காட்டினார். மோட்டார் ஒரு மேஜை மேல் கிடந்தது. அதன் உறுப்புகள் ஒரு பேசினில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன.

"நேத்துதாம்மா பிரிச்சேன். இன்னைக்கு யாரும் போக மாட்டாங்கன்னு..."

"பூட்ட எவ்ளோ நேரம் ஆகும்?"

"பூட்டத் தெரியாதும்மா எனக்கு. மெக்கானிக் சாயந்திரம் வருவான்."

பக்கத்துத் துறைக்குப் போன் போட்டார். அங்கே ஒரு படகு இருந்தது, கிளம்பி வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். "சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றேன். "என்ன ஆச்சுன்னு கேக்கறாங்கம்மா" என்றார். நான் என்ன சொல்வேன். இன்னும் ஒன்றும் ஆகவில்லையே. ஆகப் போகிறது என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

பைனாகுலரை எடுத்தேன். அதற்கும் உறை. உறையின் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். கண்ணில் வைத்தபோது பாய் ஒரு நிமிஷம் படபடத்தது. பெண் வலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தாள். இவர் குனிந்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்தார். படகு மெதுவாக மூக்கைத் திருப்பியது.

"திரும்பிட்டாங்கம்மா, பயப்படாதீங்க" என்றார் காவல்காரர், பக்கத்தில் நின்று.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் வந்தது. தாங்கிவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். ஏழு இழை தாங்காதா, ஏழு இழை என்றால் கொஞ்சமா என்று வாய்விட்டே சொன்னேன். பெண் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், அவர் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார், அது கூடத் தெரிந்தது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம். பாய்மரம் இருந்தது, பிறகு இல்லை. மடித்து வைத்த மாதிரி அந்தப் பக்கம் படுத்துவிட்டது. வெள்ளைப் பாய் தண்ணீர் மேல் விரிந்து மிதந்தது.

ஒரு தலை தெரிந்தது. ஒன்றுதான். பெண் எழுந்து நின்றாள், குனிந்தாள், மறுபடி எழுந்து நின்றாள். இன்னொரு தலையைத் தேடித் தேடி என் கண்ணில் தண்ணீர் வந்து பைனாகுலர் மங்கிவிட்டது. கண்ணைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன். பாயின் ஒரு மூலையை அவள் புரட்டி எறிந்தாள். அதற்கு அடியில் தொப்பி தெரிந்தது. அவரை இழுத்து வலையின் நடுவில் படுக்க வைத்தாள். அவர் அசையவில்லை.

காற்று கரையோரமாக அடித்ததால் படகும் கரையோரமாகவே, வலப்பக்கமாக, சும்மா மிதந்து போயிற்று. கிட்டே வரவும் இல்லை, தூரம் போகவும் இல்லை. நானும் மணலில் அதற்கு நேராக நடந்தேன். அது போகிற வேகத்தில் நான் போனேன். அது நின்றால் நின்றேன். வேறு என்ன செய்ய? நீச்சல் தெரியாது. காவல்காரர் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "படகு வந்துரும்மா, வந்துரும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில், வலையில் கிடந்த என் வீட்டுக்காரரின் கை அசைந்த மாதிரி இருந்தது. "அசைஞ்சுதா? நீங்க பாத்தீங்களா?" என்றேன். "அசைஞ்சுதும்மா" என்றார் காவல்காரர். பைனாகுலர் என் கழுத்தில் இருந்தது. அவர் வெறுங்கண்ணால் எதைப் பார்த்திருப்பார்?

ஐம்பத்தைந்து நிமிஷம் கழித்துப் பக்கத்துத் துறைப் படகு வந்தது.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கட்டு இல்லை, எலும்பு முறியவில்லை. பாய்மரம் தலையின் ஓரத்தில் உரசிக்கொண்டு போயிருக்கிறது, நேராக விழுந்திருந்தால் வேறு கதை என்றார் டாக்டர். பிறகு நர்ஸ் சொன்னாள், "மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு. சில மணி நேரத்துக்குக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேப்பாரு. நீங்க சொல்றது அவருக்கு நிக்காது. சலிச்சுக்காம பதில் சொல்லுங்கம்மா."

மத்தியானம் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பாய்மரம் என்னாச்சு?"

"விழுந்துடுச்சுங்க. வலது கம்பி அறுந்துடுச்சு."

"எப்படி அறுந்தது? நீதான் முழுசா பாத்தேன்னியே."

நான் சொன்னேன். டேப்பைப் பிரிக்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னது பொய், கம்பிக்காரர் சொல்லியனுப்பியதையும் உங்களிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். எடை குறைவான கல்லை எடுத்துத் தனியாக வைக்கும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து இந்தப் பக்கம் திரும்பினார்.

"பாய்மரம் என்னாச்சு?"

மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை சிரித்தார். "கரண்டியை வேற காய வெச்சுத் தேய்ச்சியா!" என்று சிரித்து, சிரித்ததில் தலை வலித்து, தலையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை நான் சொல்லி முடிப்பதற்குள் "தவளை எங்க? தவளைக்கு என்ன?" என்று பதறினார். "இங்கதாம்பா இருக்கேன், உங்க கால்மாட்டுல" என்றாள் அவள். நான்காம் தடவை என் கையைத் தட்டி, "விடு, வேற கம்பி மாட்டிக்கலாம்" என்றார். ஐந்தாம் தடவை திட்டினார். நன்றாகத் திட்டினார், நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

பெண் என்னை வெளியே வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "எதுக்கும்மா ஒவ்வொரு தடவையும் முழுக் கதையும் சொல்ற? கம்பி அறுந்துச்சுன்னு மட்டும் சொல்லேன். அவருக்கு நிக்கவா போகுது?"

"நிக்காதுங்கறதாலதான் சொல்றேன்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. கையைப் பிடித்தாள். கயிறு இழுத்து அவள் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது, அந்தக் கையால் இனி எத்தனை நாள் லென்ஸ் தேய்க்க முடியாதோ. ஆறாம் தடவை எனக்கு அழுகை வரவில்லை. கடைக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னேன். அவரும் வழி கேட்டவர் மாதிரி கேட்டுக்கொண்டார். எனக்கு அந்த நான்காம் தடவையை வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் அதை யார் எனக்குக் கொடுப்பார்கள்?

மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து மூக்குக் கண்ணாடி கேட்டார். என்ன கிழமை என்று கேட்டுவிட்டு, அவரே சரியாகச் சொன்னார். கரையிலிருந்து கிளம்பியது நினைவிருக்கிறது, அப்புறம் ஒன்றும் இல்லை என்றார். பாய்மரம் என்னாச்சு என்று கேட்கவில்லை. நான் முகம் கழுவப் போயிருந்தபோது பெண் அவரிடம், கம்பி அறுந்து மரம் விழுந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஆறு தடவை சொன்னவள் நான். ஏழாவது தடவைக்கு வாய் திறக்கவில்லை. கேட்டால் சொல்வேன் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பிக்காரருக்குப் போன் போட்டார். "மூணு வருஷம்கூட வரலைய்யா உன் கம்பி. என் பொண்ணு உயிரு போயிருக்கும். என்னய்யா அமுக்கின நீ?" என்று சத்தம் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "தப்பு எங்கன்னு பாத்துடலாம்ண்ணே, புதன்கிழமை நானே வர்றேன்" என்றது. அண்ணியைக் கேளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். இவர் போனை வைத்துவிட்டு, "இனிமே அவன்கிட்ட ஒரு ஆள் போகக் கூடாது, எல்லாக் கொட்டகைக்கும் சொல்லிவிடப் போறேன்" என்றார். நான் போய் ஃபிரிட்ஜ் கைப்பிடி உறையைக் கழற்றித் துவைத்தேன்.

புதன்கிழமை கம்பிக்காரர் வந்தார். கையில் புது வலக்கம்பி, வட்டமாகச் சுருட்டி, அதைக் கதவோரமாக வைத்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் தலையில் கட்டோடு எழுந்து போய், காவல்காரர் கொண்டுவந்து போட்டிருந்த அறுந்த கம்பியை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். அறுந்த முனை டேப்புக்குள்ளேயே ஒளிந்திருந்தது. வெளியே இரண்டு இழை மட்டும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"உன் முன்னாடியே பிரிச்சுப் பாத்துடலாம். அப்புறம் நானா ஏதோ சொல்லிட்டேன்னு இருக்கக் கூடாது."

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு டேப்பின் முனையைத் தேடினார். நகத்தால் கீறிப் பார்த்தார். கம்பியை உருட்டி உருட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. பெண் வாங்கிப் பார்த்தாள், கையில் கட்டு இருந்ததால் அவளாலும் முடியவில்லை.

"முனை எங்கடி இதுக்கு?" என்று என் பக்கம் நீட்டினார். "நீ சுத்தினதுதானே. எடு."

வாங்கிக்கொண்டேன். வழுவழுவென்று இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. நான் முனையைத் தேடவில்லை.

"பிளேடு கொடுங்க" என்றேன். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். கம்பிக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. டேப்பைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லித்தான் அனுப்பினார். நான் பிரிக்கல. பிரிக்காமலே உங்ககிட்ட முழுசா பாத்தேன்னு சொன்னேன்."

கம்பிக்காரர் தரையைப் பார்த்தார். பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். இவர் பிளேடை எடுக்கவில்லை. பூதக்கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முதல் தடவை சொன்னபோது பார்த்தாரே, அதே பார்வைதான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.